டிஎல்072 ஐசி ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்): கெய்னைக் கூட்டினால் விசில்

கேள்வி: அண்ணே, டவுன்ஹால் ரோட்டில் பாகங்கள் வாங்கி வெரோ போர்டில் (துளையும் செம்புப் பட்டையும் உள்ள அட்டை) கட்டிய கிட்டார் ப்ரீஆம்ப், 9 வோல்ட் பேட்டரி. 500கே கெய்ன் குமிழ் (எவ்வளவு பெருக்கணும் என்று திருப்புவது) பாதியைத் தாண்டினால் கீச்சென்று விசில். ஓவர்டிரைவ் (வேண்டுமென்றே கரகரப்பாக்கும் ஒலி) கொசு இரைச்சலாக இருக்கிறது.

பதில்: தம்பி, விசிலுக்கு, ஐசியை ஒட்டியே 8, 4 கால்களுக்கு (பேட்டரி வரும் கால்கள்) நடுவே 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வை. இன்புட் வயரும் அவுட்புட் வயரும் பக்கத்தில் ஓடவே கூடாது. இன்புட்டுக்கு ஷீல்டு வயர்தான்.

பதில்: கொசுவுக்கு மருந்து, 1என்4148 டையோடு ஜோடிக்குக் குறுக்கே 51 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர். 2-ம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 4.7கே ரெசிஸ்டர், 47 நானோ கெப்பாசிட்டர் வரிசையாக. 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெய்ன் இறங்கும், தடித்த கம்பிகள் குழையாது. அருமையான டோன்!

பதில்: அதற்கு முன் 1-ம் காலை அளந்து பாருங்க, பேட்டரியில் பாதி, 4.5 வோல்ட் வரணும். 3-ம் காலில் அளக்க வேண்டாம், அங்கே 1 மெக் ரெசிஸ்டர் இருப்பதால் மீட்டரே இழுத்துக் குறைத்துக் காட்டும்.