இம்ப்ளான்ட்ட எடுத்துட்டு சொந்த சதையில மார்பு செஞ்சுக்கிட்டவங்க இருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

வெண்மதி:
நானே ஆரம்பிக்கறேன் தோழிகளே, கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

கேன்சருக்காக எனக்கு வலது மார்ப எடுத்தப்பவே சிலிகான் இம்ப்ளான்ட் வச்சாங்க, அப்புறம் ரேடியேஷன். இம்ப்ளான்ட் வச்சா உடம்பு அதச் சுத்தி தழும்பு மாதிரி ஒரு உறை கட்டிக்கும், அது எல்லாருக்கும் நடக்கறதுதான், ஆனா ரேடியேஷன் வாங்கின இடத்துல அந்த உறை தடிச்சு இறுகிப்போற வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி. கேப்சுலர் கான்ட்ராக்சர்னு சொல்றாங்க. 1லேர்ந்து 4 வரைக்கும் கிரேடு, 4னா தொட்டாலே கல்லு மாதிரி இருக்கும், வடிவம் மாறிடும், வலியும் சேர்ந்துக்கும். எனக்கு அந்த நிலைமைக்கே வந்துடுச்சு, வலது பக்கம் ஒருக்களிச்சு படுக்கவே முடியாது, கைய மேல தூக்கினா நெஞ்சுல யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும்.

முதல்ல பார்த்த சர்ஜன், பழச எடுத்துட்டு புதுசு வச்சுடலாம்னார். ரெண்டாவதா மைக்ரோசர்ஜரி (மைக்ராஸ்கோப் வச்சு சின்ன ரத்தக்குழாய்கள தைக்கறது) பண்ற பிளாஸ்டிக் சர்ஜன் ஒருத்தங்கள பார்த்தேன், அவங்க தோல விரலால கிள்ளிப் பார்த்துட்டு, இந்தத் தோல் அடியோட ஒட்டிக்கிடக்கு, ரத்த ஓட்டமும் கம்மி, இதுக்குள்ள இன்னொரு இம்ப்ளான்ட் வச்சா திரும்பவும் இறுக வாய்ப்பு அதிகம், உங்க வயித்துலேர்ந்து ரத்தக்குழாயோட சதை கொண்டு வந்தாதான் இந்த இடம் இளகும்னாங்க. இதுக்காகத்தான் சொல்றேன், ரேடியேஷன் வாங்கினவங்க தயவுசெஞ்சு மைக்ரோசர்ஜரி தெரிஞ்ச ஒருத்தர்கிட்டயும் கேட்டுட்டு முடிவெடுங்க. தனக்கு கைவந்த ஆபரேஷனத்தான் ஒவ்வொரு டாக்டரும் முதல்ல சொல்வாங்க, அது இயல்புதான், ஆனா நமக்கு எல்லா வழியும் தெரிஞ்சாகணும்.

எனக்கு செஞ்சது டீப் ஃப்ளாப். அடிவயித்துத் தோலையும் கொழுப்பையும் அதுக்குப் போற ரத்தக்குழாயோட எடுத்து, மார்புல இருக்கற ரத்தக்குழாயோட மைக்ராஸ்கோப் வச்சு தைக்கறாங்க. முன்னெல்லாம் வயித்துத் தசையையும் சேர்த்து எடுப்பாங்களாம், ட்ராம் ஃப்ளாப்னு, அதுல பின்னாடி வயிறு பலவீனமாகி ஹெர்னியா வர்ற பிரச்சனை இருந்துச்சு, இதுல தசைய விட்டுடறாங்க. எந்தக் குழாய் நல்லா இருக்குன்னு பார்க்க முன்னாடியே சிடி ஆஞ்சியோ எடுத்துட்டாங்க. அதே ஆபரேஷன்லயே இம்ப்ளான்ட்டையும் இறுகிப்போன உறையையும் எடுத்துட்டாங்க, அதனால நாள் பூரா தியேட்டர்லதான்.

முழிச்சதும் முதல் ரெண்டு ராத்திரி தூக்கமே கிடையாது. மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து கலர் பார்ப்பாங்க, சூடா இருக்கான்னு தொட்டுப் பார்ப்பாங்க, டாப்ளர் வச்சு ரத்தம் ஓடற சத்தம் கேப்பாங்க. அந்தச் சத்தம் கேட்டாதான் எனக்கு உயிரே வரும். மார்ப விட வயிறுதான் படுத்திச்சு, இடுப்புக்கு இடுப்பு தையல், நிமிர்ந்து நடக்க முடியாம குனிஞ்சே நடக்கணும், நீர் வடியறதுக்கு வச்ச ட்யூப் தொங்கும், இருமினா தலகாணிய வயித்துல அழுத்திக்கணும். வீட்ல ஒருத்தர் முழுசா கூட இருக்கணும், வெயிட் தூக்கவே கூடாது.

இப்ப மெத்துனு இருக்கு, கை முழுசா தூக்கறேன், அந்தப் பக்கமே படுத்துத் தூங்கறேன். தொடு உணர்ச்சி மட்டும் ஓரங்கள்ல கொஞ்சம் வந்திருக்கு, நடுவுல இல்ல. இத யாரும் முன்கூட்டி விவரமா சொல்றதில்ல, அதனால சுடுதண்ணி ஒத்தடம், ஹீட்டிங் பேட் எதுவும் அங்க வச்சிடாதீங்க, சூடு தெரியாமலே தோல் வெந்துடும்.

மழைத்துளி:
வெண்மதி அக்கா சொன்ன டாப்ளர் விஷயத்துக்கு என் கதையையும் சேர்த்துக்கோங்க. எனக்கும் அதே ஆபரேஷன்தான். மறுநாள் ராத்திரி சதை ஊதா கலருக்கு மாற ஆரம்பிச்சிடுச்சு. நர்ஸ் பார்த்த உடனே டாக்டருக்கு போன், உடனே திரும்ப தியேட்டர். வெய்ன்ல ரத்தம் கட்டி அடைச்சிருக்கு, அத எடுத்துட்டு மறுபடி தைச்சாங்க, சதை பொழச்சிடுச்சு. முழு ஃப்ளாப்பும் செத்துப்போறது 100ல சில பேருக்குத்தான், ஆனா அந்தச் சிலர்ல சேராம இருக்கறதுக்கு முதல் ரெண்டு மூணு நாள் கவனிப்புதான் காரணம். அதனால ஆபரேஷன் யார் பண்றாங்கன்னு மட்டும் கேக்காதீங்க, ராத்திரி யார் பார்த்துப்பாங்க, அவசரம்னா நடுராத்திரில டீம் வருமான்னும் கேளுங்க. அந்த நர்ஸ் பொண்ணுக்கு நான் காலம் பூரா கடமைப்பட்டிருக்கேன்.

சிகரெட் பிடிக்கறவங்க பல வாரம் முன்னாடியே நிறுத்தணும், நிக்கோடின் அந்தச் சின்னக் குழாய்களையெல்லாம் சுருக்கிடும்.

தென்றல்67:
நான் வேற வழில போனவ, அதையும் இங்க சொல்லணும்னு நினைக்கறேன். எனக்கு இருந்தது சொரசொரப்பான மேல்புறம் உள்ள இம்ப்ளான்ட். பல வருஷம் ஒண்ணும் இல்லாம இருந்துட்டு திடீர்னு ஒரு பக்கம் நீர் கட்டி வீங்கிடுச்சு. இந்த வகை இம்ப்ளான்ட்டச் சுத்தி அபூர்வமா லிம்ஃபோமாங்கற ஒரு வகை கேன்சர் வருது, அதனாலதான் 2019 ஜூலைல அலெர்கன் கம்பெனியோட பயோசெல் வகைய உலகம் முழுக்க திரும்ப எடுத்தாங்க. பயந்துட்டேன். நீர ஊசில எடுத்து, அந்தக் கேன்சர் இருக்கான்னு பார்க்கற சிடி30 டெஸ்டுக்கு அனுப்பினாங்க, நல்லவேளை நெகட்டிவ். ஒரு தொந்தரவும் இல்லாதவங்க பயந்துபோய் எடுக்க வேண்டியதில்லைனுதான் அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏவும் சொல்லுது, ஆனா திடீர் வீக்கம்னா ஒரு நாள்கூட தள்ளிப்போடாதீங்க.

ரெண்டு பக்கமும் உறையோட எடுத்துட்டு, திரும்ப எதுவும் வேண்டாம், தட்டையா விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன். பின்னாடி மனசு மாறும், கொஞ்சம் தோல் விட்டு வைக்கறேன்னு டாக்டர் சொன்னார், எனக்கு மடிப்பு இல்லாம சமமா வேணும்னு உறுதியா சொல்லி கேஸ் ஷீட்லயும் எழுத வச்சேன். வேணாம்னு முடிவு பண்றதும் ஒரு முழு முடிவுதான் தோழிகளே, பொண்ணா இருக்கறதுக்கு அது குறைச்சல் இல்ல. சொந்தக்காரங்க ஏன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க, எல்லாருக்கும் பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. எடுக்கறதும் திரும்ப செய்யறதும் ஒரே நாள்ல நடக்கணும்னும் இல்ல, எடுத்துட்டு ஆற விட்டு, மாசக்கணக்கா யோசிச்சு அப்புறம் செஞ்சுக்கிட்டவங்களையும் எனக்குத் தெரியும்.

பூந்தளிர்:
அக்காங்களா, எங்கம்மாவுக்காக கேக்கறேன். இம்ப்ளான்ட் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க, ஆனா அம்மா ரொம்ப ஒல்லி, வயித்துல சதையே கிடையாது. இன்னும் மாத்திரை வேற ஓடிட்டிருக்கு. வேற வழி இருக்கா?

வெண்மதி:
இருக்குமா, கவலைப்படாத. தொடையோட உள்பக்கம் பின்பக்கத்துலேர்ந்தும் எடுக்கலாம், பாப் ஃப்ளாப்னு கேட்டுப் பாரு. முதுகுத் தசைய முன்னாடி கொண்டு வர்றதும் உண்டு, ஆனா அது தனியா அளவு பத்தாதுன்னு நிறைய பேருக்கு கூடவே இம்ப்ளான்ட்டும் வைப்பாங்க, இம்ப்ளான்ட்டே வேண்டாம்னு இருக்கறவங்க அத முதல்லயே கேட்டுக்கணும். கொழுப்ப உறிஞ்சி ஊசில போடறதும் இருக்கு, போட்டதுல ஒரு பங்க உடம்பே கரைச்சிடும், அதனால பல தடவை பண்ணணும், முழு மார்புக்கு ரொம்ப காலம் பிடிக்கும், மேடு பள்ளம் சரி பண்ணத்தான் அது சுலபம். அம்மாவுக்கு என்ன வேணும்னு அம்மாவையே பேச விடு, நீ பக்கத்துல இருந்து எழுதிக்கோ. மாத்திரைன்னா, கேன்சர் திரும்ப வராம இருக்க குடுக்கற டமாக்ஸிஃபெனா? அது ரத்தம் கட்டற வாய்ப்ப கூட்டும், அதனால இந்த மாதிரி ஆபரேஷனுக்கு முன்னாடி நிறைய டாக்டர்ங்க கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்வாங்க. நீங்களா நிறுத்திடாதீங்க, கேன்சர் டாக்டரும் சர்ஜனும் பேசி தேதி சொல்லட்டும், மாத்திரைச் சீட்டயும் பழைய இம்ப்ளான்ட் கார்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.