ஒற்றை வைப்பரா, இரட்டை வைப்பரா: பழைய காடி வைத்திருப்பவர்களின் அனுபவப் பகிர்வு

ஜெலுத்தோங், பினாங்கு

கண்ணாடியில் ஒரே ஒரு வைப்பர் இருந்தால், காசை மிச்சம் பிடிக்க இன்னொன்றை விட்டுவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சில காடிகளுக்கு அது பொருந்தும். 1980இல் வந்த ஃபியட் பாண்டா, 1986இல் வந்த சிட்ரோன் ஏஎக்ஸ் இரண்டிலும் ஒரு கை, ஒரு பிளேடு, கையைச் சுழற்றும் தண்டாகிய ஸ்பிண்டில் ஒன்று. எடையும் குறைவு, உதிரிப் பாகமும் குறைவு. நம் நாட்டில் 1996இல் விற்பனைக்கு வந்த புரோட்டோன் தியாரா அந்த ஏஎக்ஸேதான். ஆகவே தியாராவுக்கு வைப்பர் பாகம் தேடுகிறவர்கள் புரோட்டோன் பெயரில் மட்டும் தேடிக் களைத்துப்போக வேண்டாம், ஏஎக்ஸ் பெயரிலும் கேளுங்கள். கேட்கும்போது வலப்பக்க ஸ்டீயரிங் காடிக்கானது என்று சொல்லிவிடுங்கள். இடப்பக்கத்துக்கானது வந்து சேர்ந்தால், மோட்டாரையும் ஸ்பிண்டிலையும் இணைக்கும் லிங்கேஜ் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பியிருக்கும்.

மெர்சிடிஸ் வைத்த ஒற்றை வைப்பர் வேறு ரகம். 1982இன் 190, அதாவது டபிள்யூ201 என்ற மாடல், ஒற்றைக் கையோடு வந்தது. 1984 கடைசியில் வெளியான டபிள்யூ124இல் அந்தக் கை வெறும் வட்டம் அடிப்பதில்லை. கண்ணாடியின் மேல் மூலையை நெருங்கும்போது உள்ளிருக்கும் பல்சக்கரம் கையை வெளியே தள்ளுகிறது, நடுவுக்கு வரும்போது உள்ளே இழுக்கிறது, அடுத்த மூலையில் மறுபடியும் தள்ளுகிறது. பிளேடின் நுனி போகும் கோட்டில் இரண்டு மேடுகள் இருக்கும். இப்படிக் கண்ணாடியில் 86 விழுக்காட்டை அது துடைக்கிறது. டபிள்யூ202, டபிள்யூ210 வரை இந்த ஒற்றைக் கை தொடர்ந்தது. 2000இல் வந்த டபிள்யூ203இல் மீண்டும் இரண்டு வைத்துவிட்டார்கள்.

இந்த அமைப்பைக் கெடுப்பது மழை இல்லை, காய்ந்துபோன கிரீஸ். மூலைக்குப் போகும்போது மட்டும் 'கிரீச்' என்று சத்தம் வந்தால் நீண்டு சுருங்கும் அந்தத் தண்டு வறண்டிருக்கிறது என்று அர்த்தம். செய்ய வேண்டியது இதுதான்: கண்ணாடியை நனைத்து வைப்பரை ஓடவிட்டு, கை செங்குத்தாக நிற்கும் நேரத்தில் சாவியை அணையுங்கள். அப்போதுதான் கையைச் சரியாகத் தூக்க முடியும். அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் தண்டு தெரியும். பழைய கிரீஸ் பழுப்பு நிறத்தில் மணல் கலந்த பிசின் மாதிரி இருக்கும். மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் துடைத்தெடுங்கள். நேரடியாக ஊற்றினால் உள்ளே இருக்கும் நல்ல கிரீஸும் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு தண்ணீரில் கரையாத லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி, ஈரக் கண்ணாடியில் பத்து முறை ஓடவிட்டு, பிதுங்கி வந்ததைத் துடைத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும். கையைப் பிடித்து இழுத்து நகர்த்துவது, காய்ந்த கண்ணாடியில் ஓட்டுவது, இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பல்சக்கரப் பெட்டி தேய்ந்துவிட்டால் புதியது வாங்க நல்ல காசு ஆகும், பழைய காடிகளை வெட்டிப் பாகம் விற்கும் ஹாஃப்-கட் கடையில் கிடைப்பதும் பெரும்பாலும் அதே அளவுக்குத் தேய்ந்ததாகத்தான் இருக்கும்.

செந்தூல், கோலாலம்பூர்

ஜெலுத்தோங் அண்ணன் சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை வைப்பரில் பாகங்கள் ஏன் சீக்கிரம் தேய்கின்றன என்பது இதில் புரியும்.

இரட்டை வைப்பரில் நுனி வரை 55 செ.மீ. நீளம், வீச்சு 90 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீச்சில் நுனி போகும் தூரம் ஏறக்குறைய 86 செ.மீ. ஒற்றையில் நீளம் 75 செ.மீ., வீச்சு 150 பாகை என்றால் கிட்டத்தட்ட 1.96 மீட்டர். இரண்டும் நிமிடத்துக்கு 45 தடவை போய்வந்தால் ஒரு வீச்சுக்கு 0.67 விநாடி. இரட்டையின் நுனி விநாடிக்கு 1.3 மீட்டர், ஒற்றையின் நுனி 2.9 மீட்டர். இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் வந்து சட்டென்று நின்று திரும்ப வேண்டும். அந்த அடி முழுவதும் ஸ்பிண்டிலின் பல்லிலும் மோட்டாரின் பல்சக்கரத்திலும் விழுகிறது.

ஓட்டுநர் கண்ணுக்கு நேரே என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். புரோட்டோன் சாகா, வீரா மாதிரி இரட்டை வைப்பர் காடியில் ஓட்டுநர் பக்கத்துப் பிளேடு தன் வீச்சின் நடுப்பகுதியில் கண் பார்வையைக் கடக்கிறது. ஆகவே ஒரு துடைப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சீராக இருக்கும். ஒற்றையில் ஓட்டுநரின் பார்வை வீச்சின் ஒரு பக்கத்தில் விழுகிறது. பிளேடு போனதும் உடனே திரும்பி வந்துவிடும், அதற்கப்புறம் அந்தப் பக்கம் போய்த் திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு துடைப்பு, பிறகு ஒரு நீண்ட இடைவெளி. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் காடி விநாடிக்கு 25 மீட்டர் போகிறது. கராக் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போகும்போது அந்த இடைவெளி எவ்வளவு தூரம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒற்றை வைப்பர் காடியில் கனமழை என்றால் முதல் வேகத்தில் சமாளிக்கப் பார்க்காதீர்கள், உடனே இரண்டாம் வேகத்துக்குத் தட்டுங்கள்.

இரட்டையின் பெரிய நன்மை, கோளாறைச் சொல்லிக் காட்டுவது. லிங்கேஜின் மூட்டில் உறைபோல இருக்கும் நைலான் புஷ் தேயும்போது ஒரு கை மற்றதைவிடப் பிந்தி வரும், அல்லது இரண்டு பிளேடும் கீழே ஒன்றோடொன்று உரசும். பிளேடின் நுனியைப் பிடித்து வீச்சுத் திசையில் மெதுவாக ஆட்டிப் பாருங்கள், இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகம் ஆடினால் அந்தப் பக்கத்துப் புஷ்தான். புதிய நைலான் புஷ் கிடைத்தால் கொதிநீரில் 5 நிமிடம் போட்டு, இளகியதும் மூட்டின் உருண்டைமேல் வைத்து வாட்டர் பம்ப் பிளேயரால் நேராக அழுத்துங்கள். சுத்தியலால் அடித்தால் வெடித்துவிடும். கிடைக்கவில்லையென்றால் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து தருவார்கள்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

தீவில் ஓடும் காடிகளுக்கு ஸ்பிண்டில் இறுக்கம்தான் முதல் எதிரி. தஞ்சோங் பூங்கா, கர்னி டிரைவ் பக்கம் வெளியே நிறுத்துகிறவர்களுக்குத் தெரியும், கடல்காற்று எதையும் விடாது. ஸ்பிண்டில் எஃகு, அதைச் சுற்றியிருக்கும் கூடு அலுமினியம். மேலே இருக்கும் ரப்பர் மூடி வெயிலில் வெடித்ததும் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூத்துத் தண்டைக் கவ்விப் பிடிக்கிறது. வைப்பர் மெதுவாகப் போகிறது என்று மோட்டாரை மாற்றியும் சரியாகாத காடிகளில் பெரும்பாலும் இதுதான் காரணம். மோட்டாரிலிருந்து லிங்கேஜைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் விரலால் சுற்றுங்கள். இரண்டு விரலுக்கு அசையவில்லை என்றால் குற்றவாளி அதுவே.

துரு நீக்கும் ஸ்பிரே அடித்தால் சில வாரம் நன்றாக ஓடும், அப்புறம் முன்னைவிட மோசமாகும். மிச்சமிருந்த கிரீஸையும் அது கரைத்துவிடுவதுதான் காரணம். முறையாகச் செய்ய லிங்கேஜை வெளியே எடுங்கள். மேலே உள்ள சர்க்ளிப் (பூட்டு வளையம்), வாஷர், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மூன்றையும் வரிசை மாறாமல் ஒரு தட்டில் வையுங்கள். தண்டைக் கீழ்ப்பக்கமாகத் தட்டி உருவி, 400 எண் உப்புத்தாளில் எண்ணெய் விட்டுத் தேயுங்கள், கூட்டின் உள்பக்கத்தையும் தேயுங்கள். கிரீஸ் நிரப்பிப் புதிய ஓ-ரிங் போட்டு மூட்டுங்கள். பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போட்டால் இத்தனை வேலையும் ஒரு மழைக்காலத்துக்குத்தான் வரும்.

கண்ணாடிக்கு அடியில் மழைத் தண்ணீர் விழுந்து வடியும் பள்ளத்தையும் மறக்காதீர்கள். அங்சானா மரத்தடியில் நிற்கும் காடியில் பூவும் இலையும் அங்கேதான் சேர்ந்து வடிகால் துளையை அடைக்கின்றன. தண்ணீர் தேங்கினால் மோட்டார் நனையும், அப்புறம் டேஷ்போர்டுக்கு அடியில் கார்ப்பெட் நனையும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள், சக்கரத்துக்குப் பின்னால் சில விநாடிகளில் வடிய வேண்டும்.

கெப்போங், கோலாலம்பூர்

மின்சாரப் பக்கம் சுருக்கமாக. வைப்பர் மோட்டாரில் பொதுவாக மூன்று கார்பன் பிரஷ். ஒன்று பொது, ஒன்று முதல் வேகத்துக்கு, சற்றுத் தள்ளி வைத்திருக்கும் மூன்றாவது இரண்டாம் வேகத்துக்கு. ஒரு வேகம் மட்டும் செத்திருந்தால், ஸ்விட்சும் வயரும் சரியாக இருக்கும் பட்சத்தில் அந்தப் பிரஷைப் பாருங்கள். மோட்டார் முழுவதையும் தூக்கிப்போட வேண்டாம்.

இரண்டு வேகமும் மந்தமாக இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு, வைப்பரையும் ஓடவிட்டு, மோட்டார் பிளக்கில் மல்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட்டுக்குக் குறைந்தால் வழியில் எங்கோ இழக்கிறது. மோட்டார் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் அழுக்கு. எர்த் போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளபளக்கத் தேய்த்து மாட்டினால் பாதிக் காடிகள் அங்கேயே சரியாகிவிடும். ஒற்றை வைப்பருக்கு இது இன்னும் முக்கியம், அந்த நீண்ட கையை இழுக்க மோட்டாருக்கு முழு வோல்ட்டேஜும் வேண்டும்.

டபிள்யூ124 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதில் சிக்னல் விளக்கு, வைப்பர், பின்கண்ணாடிச் சூடு மூன்றையும் ஒரே கூட்டு ரிலே கவனிக்கிறது. வைப்பரும் சிக்னலும் சேர்ந்து அடம்பிடித்தால் மோட்டாரைத் தொடாதீர்கள். ரிலேயைத் திறந்து, பூதக்கண்ணாடியில் ஈயப் பற்றுகளைப் பாருங்கள். வட்டமாக மெல்லிய விரிசல் தெரிந்தால் மறுபடி பற்றவைத்தால் போதும்.

கை தவறான இடத்தில் போய் நிற்கிறதென்றால், கழற்றி மாட்டியபோது மோட்டார் தன் நிலைக்குப் போயிருக்கவில்லை. முதலில் கை இல்லாமலே வைப்பரைப் போட்டு, ஸ்டீயரிங் பக்கத்திலுள்ள வைப்பர் ஸ்விட்சால் அணையுங்கள், சாவியால் அல்ல. மோட்டார் தானாகப் போய் நின்ற பிறகு கையை மாட்டி நட்டை முறுக்குங்கள். கழற்றுவதற்கு முன்பே கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி இடத்தைக் குறித்துவைத்தால் குழப்பமே வராது.

பட்டர்வொர்த், பினாங்கு

சத்ரியா, வீரா காடிகளில் அழகுக்காக ஒற்றை வைப்பராக மாற்றும் தம்பிகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தொழிற்சாலையே போட்ட ஒற்றை வைப்பருக்கு அகன்ற வீச்சு தரும் லிங்கேஜ் உண்டு. நீங்கள் மாற்றுவது இரட்டைக்காகச் செய்த லிங்கேஜை, அது தருவது ஏறக்குறைய 90 பாகை வீச்சுதான். கையை நடுவில் வைத்தால் இரண்டு ஓரமும் நனைந்தபடி நிற்கும். ஓட்டுநர் பக்கமே வைத்து நீண்ட பிளேடு போட்டால் இடப்பக்கம் முழுக்கத் தெரியாது. இடப்பக்கச் சந்தியிலிருந்து மோட்டார்சைக்கிள் நுழைவது அங்கேதான். தினம் ஓட்டும் காடியில் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே மாற்றிய காடி கைக்கு வந்திருந்தால், எடுத்த ஸ்பிண்டிலின் துளையில் ரப்பர் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். துண்டித்த இணைப்புத் தண்டு உள்ளே தொங்கிக்கொண்டிருந்தால் வயரைக் கிழிக்கும், முழுவதுமாக எடுத்துவிடுங்கள். ஹாஃப்-கட் கடைகளில் முழு லிங்கேஜ் இன்னும் கிடைக்கிறது, கையோடு சேர்த்தே வாங்கிப் பழையபடி இரண்டாக்கிவிடுவது நல்லது.

செந்தூல், கோலாலம்பூர்

பிளேடு பற்றி விட்டுப்போனதைச் சேர்க்கிறேன். நடுக்கமும் 'டடடட' சத்தமும் வந்தால் ரப்பரை மட்டும் பழி சொல்லக் கூடாது. ரப்பரின் உதடு போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் சாய வேண்டும். ஈரக் கண்ணாடியில் பாதி வழியில் சாவியை அணைத்துக் குனிந்து பாருங்கள். போகும்போது மட்டும் சாய்ந்து, வரும்போது நிமிர்ந்தே நின்றால் கை முறுகியிருக்கிறது. பிளேடைக் கழற்றினால் கையின் தட்டையான நுனி கண்ணாடிக்கு இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு அட்ஜஸ்டபிள் ஸ்பானர், ஒன்றைக் கையின் நடுவில் பிடித்து, மற்றதால் நுனியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். கண்ணாடிமேல் மடித்த துண்டு விரித்த பிறகே ஸ்பானரைத் தொடுங்கள், ஸ்பிரிங் உள்ள கை வெறுங்கண்ணாடியில் விழுந்தால் கண்ணாடி போய்விடும்.

ஸ்பிரிங் பலத்தை மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் அளக்கலாம். பிளேடு மாட்டும் இடத்தில் கொக்கியைப் போட்டுக் கண்ணாடிக்குச் செங்குத்தாக இழுங்கள், பிளேடு லேசாக எழும்பும்போது உள்ள எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு செ.மீ. பிளேடுக்குச் சுமார் 15 கிராம் வேண்டும். 45 செ.மீ. பிளேடுக்கு 675 கிராம், 60 செ.மீ. ஒற்றைப் பிளேடுக்கு 900 கிராம். ஒற்றை வைப்பர் நெடுஞ்சாலையில் காற்றுக்குத் தூக்கிக்கொண்டு போவது பெரும்பாலும் இந்த ஸ்பிரிங் தளர்ந்ததால்தான். கையின் மூட்டில் துரு பிடித்திருந்தாலும் இதே மாதிரி தெரியும், அதனால் முதலில் மூட்டுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

உலோகச் சட்டமில்லாத வளைந்த பிளேடுகள் புதுக் காடிகளின் கண்ணாடி வளைவுக்காகச் செய்தவை. பழைய கண்ணாடியில், அதுவும் நீண்ட ஒற்றைப் பிளேடாகப் போட்டால், இரண்டு நுனியோ நடுவோ கண்ணாடியைத் தொடாமல் ஒரு பட்டை தண்ணீர் நிற்கும். உலோகச் சட்டமுள்ள பழைய வகையே இவற்றுக்குப் பொருந்தும். சட்டம் ஆடாமல் இருந்தால் ரப்பரை மட்டும் சில வெள்ளிக்கு மாற்றலாம். அகலம் 6 மி.மீ.யா 8 மி.மீ.யா என்று பழையதை அளந்துகொண்டு போங்கள். உள்ளே இருக்கும் இரண்டு எஃகுப் பட்டைகளும் வளைவு கண்ணாடியை நோக்கி இருக்கும்படி, பட்டைகளின் ஓரக் குழிகள் ரப்பரில் பூட்டும்படி நுழைக்க வேண்டும். பூட்டு விழாவிட்டால் ரப்பர் நடுவழியில் நழுவிப்போய், இரும்பு கண்ணாடியில் வில் போல ஒரு கோடு கிழித்துவிடும். அந்தக் கோடு ஆழமாக விழுந்தால் பாலிஷுக்குப் போகாது.