மறுமொழி: ‘ட்ரீம் ரீகால்’ தமிழில் – ‘கனவுகூர்தல்’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

விழித்தபின் கனவை நினைவுக்குக் கொண்டுவருவதை ஆங்கிலத்தில் ‘ட்ரீம் ரீகால்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்துவிட்டு எழுதுகிறேன். நான் உளவியல் படித்தவன் அல்லன். விழித்தவுடன் கனவுகளை எழுதிவைக்கும் பழக்கத்தை ஆறு மாதமாகக் கைக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். முதல் இரண்டு வாரத்தில் என் ஏட்டில் ஏறியவை மூன்றே பதிவுகள். அவற்றில் ஒன்று ‘படிக்கட்டு’ என்ற ஒற்றைச் சொல். என்ன படிக்கட்டு, யார் ஏறினார்கள், ஏறினார்களா இறங்கினார்களா, ஒன்றும் தெரியவில்லை. ஆகவே நீங்கள் சொல்தேடும் செயலை நான் செய்து பார்த்துத் தோற்றிருக்கிறேன் என்ற தகுதியில் சில வரிகள்.

> ‘கனவு மீட்பு’ என்று வைத்துவிடலாம். எளிது, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். மீட்பு என்றதும் அடகு வைத்த நகையும் வெள்ளத்தில் சிக்கியவர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். தமிழில் கனவு என்பதற்கு இலட்சியம் என்றும் பொருள் ஏறிவிட்டதால், ‘கனவுகளை மீட்போம்’ என்றால் மேடை முழக்கம்போல ஒலிக்கிறது. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மீட்பு என்றால் பொருள் எங்கோ முழுசாக இருக்கிறது, போய் எடுத்துவர வேண்டியதுதான் பாக்கி என்றாகிறது. கனவு அப்படி இருப்பதில்லை. நினைவைப் பதியவைக்க உதவும் நார்அட்ரினலின் என்ற மூளை வேதிப்பொருள், கனவு செறிந்த உறக்கத்தில் மிகக் குறைந்துவிடுகிறது. பல கனவுகள் சரியாகப் பதியாமலே போவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். விழித்த நொடியில் கையில் மிஞ்சுவது ஒரு நுனி மட்டும்.

> ‘கனவு நினைவு’ போதாதா?

கனவைப் பற்றிய நினைவா, கனவுக்குள் வந்த நினைவா? ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். ‘கனவு மீட்டல்’ என்றதில் வீணை ஒலிப்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சொல் தேர்வில் இத்தனை கறார் எதற்கு என்று ஒரு நண்பர் சலித்துக்கொண்டிருந்தார். இந்தத் துறையிலேயே அதற்கு ஒரு விடை இருக்கிறது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள் விரைவுக் கண்ணசைவு உறக்கத்தை, அதாவது மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் உறக்கநிலையை, கண்டறிந்து அறிவித்தார்கள். 1957இல் டிமென்டும் கிளைட்மனும் உறங்குபவர்களை நடுவில் எழுப்பிக் கனவைக் கேட்டபோது, கண்ணசைவு உறக்கத்திலிருந்து எழுந்தவர்களிடம் ஏறத்தாழ 80 விழுக்காட்டு முறை கனவு கிடைத்தது. மற்ற உறக்கத்திலிருந்து எழுந்தவர்களிடம் 7 விழுக்காடுதான். கனவின் இருப்பிடம் தெரிந்துவிட்டது என்றே தோன்றியது. 1962இல் டேவிட் ஃபோல்க்ஸ் என்ற ஆய்வாளர் கேள்வியை மாற்றினார். ‘கனவு கண்டீர்களா?’ என்பதை விட்டுவிட்டு, ‘மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?’ என்று கேட்டார். கனவே இல்லை என்று கருதப்பட்ட உறக்கத்திலிருந்தும் பாதிக்கு மேற்பட்ட முறை ஏதோ ஒன்று கிடைத்தது.

கேள்வியின் சொல் மாறியதும் நினைவுக்கு வருவதும் மாறிவிட்டது. தமிழில் நமக்கு இந்தச் சிக்கல் ஒரு படி கூடுதல். நாம் கனவைக் ‘காண்கிறோம்’. ‘என்ன கனவு கண்டேன்?’ என்று விழித்தவுடன் என்னையே கேட்டுக்கொண்டபோதெல்லாம் மனம் படத்தைத் தேடியது. படம் இல்லையென்றால் கனவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டது. ‘எப்படி இருந்தது?’ என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் பதற்றம், அவசரம், யாரோ பக்கத்தில் இருந்த உணர்வு என்று எதையாவது எழுத முடிந்தது. பெரும்பாலான நாட்களில் அந்த உணர்வைப் பற்றிக்கொண்டு படுத்திருந்தால் கடைசிக் காட்சி வரும். அதிலிருந்து அதற்கு முந்தியது வரும். கனவு பின்னாலிருந்து முன்னால் வருகிறது.

இனி என் முன்மொழிவு: கனவுகூர்தல்.

நினைவுகூர்தல், அன்புகூர்தல் எல்லோரும் அறிந்தவை. இவற்றில் ‘கூர்’ என்பதற்கு மிகுதல் என்று பொருள். தொல்காப்பிய உரியியல் ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்கிறது. உள்ளது சிறத்தல் என்ற அந்தத் தொடர் என்னை நிறுத்திவிட்டது. இல்லாததை எங்கிருந்தோ கொண்டுவருவதன்று. கையிலுள்ள நுனியை, அசையாமல், கண்ணைத் திறக்காமல், புரண்டிருந்தால் பழைய பக்கத்துக்கே மெல்லத் திரும்பிப் படுத்து, வளரவிடுவது. நான் காலையில் செய்வது அதைத்தான். ‘கூர்ந்து கவனி’ என்பதில் உள்ள கூர்மையும் காதில் விழுகிறது. அது இலவச இணைப்பு.

நினைவுகூர்தலில் ஒற்று மிகாததுபோல இதிலும் மிகாது. ‘கனவுக்கூர்தல்’ என்று திருத்திவிட வேண்டாம்.

துணைச்சொற்கள் இரண்டு. எழுதிவைக்கும் ஏட்டுக்குக் கனவேடு. ‘கனாநூல்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். அது பலன் சொல்லும் நூலின் பெயர், பொன்னவன் பெயரால் வழங்கும் நூல் ஒன்று இருக்கிறது. கனவுக்குப் பலன் பார்ப்பதும் கனவை நினைவில் நிறுத்துவதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது, கனவு வந்தது உறுதி, உள்ளடக்கம் துளியும் இல்லை என்ற நிலை. ஆங்கிலத்தில் இதை வெள்ளைக் கனவு என்கிறார்கள். தமிழில் வெள்ளை என்றால் கள்ளமற்றது என்றாகிவிடும். ‘சுவட்டுக்கனவு’ எனலாம்: ஆள் போய்விட்டார், அடித்தடம் இருக்கிறது. என் ‘படிக்கட்டு’ இந்த வகையில் சேராது. அதில் ஒரு படிக்கட்டாவது மிஞ்சியது.

அன்புடன்.

— — —

ஐயா, வணக்கம்.

கனவேடு அருமை, எடுத்துக்கொண்டேன். கனவுகூர்தலில் எனக்கு மூன்று தடைகள்.

‘அந்தக் கனவை நினைவுகூர்ந்தேன்’ என்று இப்போதே சொல்கிறோமே, புதுச்சொல் எதற்கு? அடுத்து, கூர்தல் மிகுதல் என்றால், கேட்பவர் ‘அதிகம் கனவு காணுதல்’ என்று எடுத்துக்கொள்ள மாட்டாரா? மூன்றாவது, இலங்கைப் பாடநூல்களில் கூர்ப்பு என்றால் பரிணாமம். அங்கே படித்த எனக்குக் கனவுகூர்ப்பு என்றால் கனவு குரங்கிலிருந்து வந்த கதைதான் ஞாபகம் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளது சிறத்தல் என்கிறீர்கள். சிறக்கும்போது நாமே சேர்ப்பதும் சேர்ந்துவிடாதா?

— — —

அம்மா, நன்றி. மூன்றாவது தடை என் கண்ணுக்குப் படவே இல்லை. ‘கனவுகூர்ப்பு’ வேண்டாம், பெயராக வேண்டிய இடத்தில் ‘கனவுகூரல்’ என்று வைப்போம்.

முதல் தடைக்கு: ஓடும் உரைநடையில் நீங்கள் சொல்வதே சரி, ‘கனவை நினைவுகூர்ந்தேன்’ என்றே எழுதலாம். ஆனால் வாரத்துக்கு எத்தனை காலை கனவு நினைவில் நிற்கிறது என்ற கணக்குக்கு ஒரு பெயர் வேண்டும். ‘கனவு நினைவுகூர்தல் நிகழ்வெண்’ என்று எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும். ‘கனவுகூரல் நிகழ்வெண்’ நாவில் நிற்கிறது. இரண்டாவது தடை நியாயமானது. அகராதிப் பதிவில் ‘விழித்தபின்’ என்ற சொல்லை விளக்கத்தின் முதலிலேயே போட்டுவிடுவதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை.

கடைசியாகக் கேட்டதுதான் என்னை உறுத்துகிறது. ஆமாம், சேர்ந்துவிடுகிறது. காலையில் கிறுக்கிய நாலு சொல்லை மாலையில் கதையாக எழுதியபோது, நாலில் இல்லாத ஒரு கதவும் ஒரு நாயும் வந்துவிட்டன. கனவில் இருந்தனவா, மாலையில் வந்தனவா, சொல்ல முடியவில்லை. அதன்பிறகு கனவேட்டில் இடப்பக்கம் படுக்கையிலேயே எழுதியது, வலப்பக்கம் பிறகு தோன்றியது என்று பிரித்துவிட்டேன். மீட்பு என்று பெயர் வைத்திருந்தால் இந்தப் பிரிவினை வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்காது.

பழந்தமிழ் இதில் கவனமாகவே இருந்திருக்கிறது என்று இப்போது படுகிறது. குறளின் 122ஆம் அதிகாரம் கனவுநிலை உரைத்தல். சிலம்பில் ஒரு காதை கனாத்திறம் உரைத்த காதை. இரண்டும் உரைப்பதை மட்டுமே பெயரில் வைத்துக்கொண்டன. அப்படியானால் வலப்பக்கத்துக்குக் ‘கனவுரை’ என்ற சொல் பொருந்துமா? இடப்பக்கத்தில் இருப்பதற்கு இன்னும் பெயர் இல்லை. குழுவில் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.