படர்க்கையில் ஆண், பெண் காட்டாமல் தமிழில் எழுத இயலுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேள்வி:
பாலக்காட்டு எல்லையில் இருப்பதால் தமிழ், மலையாளம் இரண்டிலும் எழுதப் படிக்கப் பழகியிருக்கிறேன். மலையாளத்தில் 'அவன் வந்நு', 'அவள் வந்நு' என வினைமுற்று மாறுவதே இல்லை. இப்போது நான் தமிழாக்கும் ஒரு மலையாளச் சிறுகதையில், ஒரு பாத்திரம் ஆணா பெண்ணா என்பது இறுதிவரை சொல்லப்படவில்லை. முதல் வாக்கியமான 'வாதிலில் முட்டி' என்பதிலேயே நின்றுவிட்டேன். 'தட்டினான்', 'தட்டினாள்' என்றால் பால் வெளிப்பட்டுவிடுகிறது. 'தட்டினார்' என்றால் பள்ளி வயதுப் பாத்திரத்திற்குப் பொருந்தாத மரியாதை வந்து சேர்கிறது. இரு மொழிகளுக்கும் வட்டெழுத்து என்னும் பழைய எழுத்துமுறை பொதுவாக இருந்த காலம் உண்டல்லவா? எழுத்து மாறியதால் வந்த வேறுபாடா இது?

களியக்காவிளையிலிருந்து மறுமொழி:
எழுத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கேரளத்தில் கிடைத்த கி.பி. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. அக்காலக் கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள். ஆயினும் னகரமும் ளகரமும் வெவ்வேறு வடிவம் கொண்டவையாதலால் படிப்பவருக்குப் பால் மறைவதில்லை. வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்தத்தின் வழிவந்த எழுத்தை மலையாளம் ஏற்றது வேறு கதை. 'ஆன்', 'ஆள்' போன்ற வினை விகுதி மலையாளத்தில் தேய்ந்தது மொழிக்குள்ளேயே நிகழ்ந்த மாற்றம். பழைய மலையாளத்தில் விகுதியுள்ள முற்றும் இல்லாத முற்றும் கலந்தே கிடக்கின்றன.

செங்கோட்டையிலிருந்து மறுமொழி:
அன்பரே, தமிழுக்கு இது முற்றிலும் அயலானதன்று. பலர்பால் படர்க்கை, முன்னிலை, தன்மை ஆகியவற்றுக்கு மட்டும் 'செய்யும்' என்னும் முற்று வராது என்கிறது நன்னூல். ஆகவே ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால், பலவின்பால் நான்குக்கும் அது பொது. மலையாளி இன்றும் சொல்லும் 'அவள் வரும்' நம் இலக்கணம் ஒப்புக்கொண்ட தொடர்தான். இன்றைய உரைநடையில் எழுதினால் அச்சுப்பிழை என்று திருத்திவிடுவார்கள் என்பது வேறு.

வழக்கில் உள்ள வழி, முற்றைத் தவிர்ப்பது. 'கதவைத் தட்டும் சத்தம் கேட்டது' என்று தொடங்கலாம். 'உள்ளே வந்த பிள்ளையின் கையில் ஒரு கடிதம்' என்று பெயரெச்சத்தால் தொடரலாம். இரண்டு பக்கத்துக்கு மேல் இப்படியே போனால் நடை மூச்சுவாங்கும். கதை இடம் கொடுத்தால் அந்தப் பாத்திரத்தையே 'நான்' என்று பேசவிடுங்கள். தன்மையில் பால் இல்லை. உங்கள் கேள்வியை முழுதும் படித்தும் நீங்கள் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியவில்லையே!

நகரியிலிருந்து மறுமொழி:
முற்றுகள் ஒன்றாவதை வரமாகவே எண்ணிவிட வேண்டாம். எங்கள் ஊர்த் தெலுங்கில் ஆணுக்கு 'வச்சாடு', பெண்ணுக்கு 'வச்சிந்தி'. மாடு வந்தாலும் 'வச்சிந்தி'தான். ஒருமையில் பெண் அஃறிணையோடு சேர்கிறாள், பன்மையில் 'வச்சாரு' என்று ஆண்களோடு சேர்கிறாள். மரியாதை தரவேண்டுமானால் ஒருத்திக்கும் அந்தப் பன்மை முற்றையே கடன் வாங்க வேண்டும். மலையாளத்திலும் வினை பொதுவானாலும் 'அவன்', 'அவள்' இருக்கின்றன. 'ஆள்' என்ற பொதுச்சொல்லிலிருந்து வந்த 'அயாள்' கூட இன்று பெரும்பாலும் ஆணையே குறிக்கிறது.

தமிழில் 'பிள்ளை வந்தது', 'குழந்தை அழுதது' என்பவை யாரையும் உறுத்துவதில்லை. பாத்திரம் பத்து வயதுக்குள் இருந்தால் தயங்காமல் 'பிள்ளை கதவைத் தட்டியது' என்றே எழுதுங்கள். பதினைந்து வயதென்றால் அந்த 'அது' இழிவாகத் தொனிக்கும். அப்போது செங்கோட்டை அன்பர் சொன்ன பெயரெச்ச வழிதான். பாத்திரத்தின் வயது என்னவென்று சொல்லுங்களேன்?