6, 7, 8-ஆம் வகுப்புப் பெற்றோருக்கு உடல்நல, பாதுகாப்புத் தகவல்கள்: எதை, எப்படி, யாருக்குச் சொல்வது?

தென்னங்கீற்று:

வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. 6, 7, 8 மூன்றிலும் சேர்த்து 118 பிள்ளைகள். வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. குடற்புழு மாத்திரை நாள், மருத்துவக் குழு வருகை, மழை விடுமுறை எல்லாம் அதில்தான் போகின்றன, காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் முழுகியும் போகின்றன. முப்பது வீடுகளில் பட்டன் போன். ஒன்பது குடும்பங்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவை.

இப்போது ஏழாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குச் சின்னம்மை. குழுவில் என்ன எழுதுவது? பெயரைச் சொல்லலாமா? எத்தனை நாள் பள்ளிக்கு வர வேண்டாம் என்பது? இதோடு, பொதுவாகவே எந்தத் தகவல் எந்த வழியில் போக வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கரும்பலகை:

டீச்சர், முதல் வேலை, எல்லா வீட்டுக்குமான செய்தியையும் ஒரு வீட்டுக்கு மட்டுமான செய்தியையும் பிரிப்பது. குழு முதல் வகைக்கு மட்டும். ஒரு பிள்ளையின் நோய், பார்வைக் குறை, மதிப்பெண், வீட்டுப் பிரச்சினை எதுவும் குழுவில் ஏறக் கூடாது. “ஏழாம் வகுப்பில் சின்னம்மை வந்துள்ளது” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் ஒட்டும். அடுத்து கொப்புளம் வருகிற வீடு அதைப் பார்த்துப் பயந்து மறைக்கும், “பாட்டி வீட்டுக்குப் போயிருக்கான்” என்று விடுப்புக் கடிதம் வரும். அப்புறம் பள்ளிக்கு எதுவுமே தெரியவராது.

குழு அமைப்பில் அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று மாற்றிவிடுங்கள். பேசுவதற்கு வேண்டுமானால் இன்னொரு குழு இருக்கட்டும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போகும். சேர்க்கை நாளிலேயே பெற்றோர் கையில் போன் இருக்கும்போது பள்ளி எண்ணைச் சேமிக்கச் சொல்லி, ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள்.

பட்டன் போன் வீடுகளுக்கு எஸ்எம்எஸ். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக் குறிகள்தான், ஆங்கிலத்தைப் போல 160 கிடையாது. அதைத் தாண்டினால் துண்டுக்கு 67 என்று உடையும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி. “மாத்திரை” கண்ணுக்கு நான்கு எழுத்து, கணக்கில் எட்டு. ஆகவே “அன்பார்ந்த பெற்றோர்களே, வணக்கம்” என்று தொடங்கினால் விஷயம் வருவதற்குள் பாதி இடம் போய்விடும். இது 55 குறி, ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கும்:

“நாளை குடற்புழு மாத்திரை. காலை உணவு கொடுத்து அனுப்பவும்.”

பழைய பட்டன் போன் சிலவற்றில் தமிழ் கட்டங்கட்டமாகத்தான் தெரியும். அந்த வீடுகளுக்கு அழைப்பு ஒன்றே வழி. 20 நொடியில் முடிகிற மாதிரி எழுதி வைத்துக்கொண்டு பேசினால் எந்த ஆசிரியர் அழைத்தாலும் ஒரே தகவல் போகும்.

போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கச் சீட்டுதான் நல்லது. ஏ4 தாளில் நான்கு சீட்டு, கீழ்ப்பகுதியில் பெற்றோர் கையெழுத்து, கிழித்துக் கொடுத்தால் மறுநாள் காலை வருகைப் பதிவேட்டோடு சேர்த்து வாங்கிவிடலாம். கையெழுத்து வராத வீடுகளை மட்டும் அழையுங்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தால் யாரோ திறந்தார்கள் என்றுதான் பொருள். பல வீட்டில் அந்த போன் பிள்ளையின் கையில்தான் இருக்கிறது.

ஒடியா வீடுகளுக்கு ஹிந்திக் குரல்பதிவு போதும் என்று இருந்துவிட வேண்டாம். மில்லுக்குப் போகிற அப்பாவுக்கு ஹிந்தி பழகியிருக்கும், வீட்டில் இருக்கிற அம்மாவுக்குப் பழகியிருக்காது. பெற்றோரிலேயே ஒருவரைக் கொண்டு அரை நிமிடப் பதிவுகள் ஏழெட்டு எடுத்து வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க ஓடும்: மாத்திரை நாள், மருத்துவக் குழு, விடுமுறை, காய்ச்சல், அம்மை, கூட்டம், “உடனே பள்ளிக்கு வாருங்கள்”. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண் தன் உடம்பைப் பற்றி டீச்சர் சொன்னதை அப்பாவிடம் முழுதாகச் சொல்ல மாட்டாள்.

எண்கள் மாறுவதுதான் பெரிய ஓட்டை. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் போய்விடுகிறது. ஜூனிலும் பொங்கல் விடுமுறை முடிந்தும் ஒருமுறை சரிபாருங்கள். மாறியதை எமிஸிலும் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவர இணையப் பதிவு) அன்றே திருத்துங்கள். வீட்டுக்கு இரண்டு எண், அதில் ஒன்று அந்த வீட்டில் இல்லாத உறவினருடையதோ பக்கத்து வீட்டாருடையதோ.

வேப்பிலை (கிராம சுகாதாரச் செவிலியர்):

டீச்சர், எழுதுவதற்கு முன்னால் அது சின்னம்மைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் “அம்மா வந்திருக்கா” என்றுதான் சொல்வார்கள். சின்னம்மையில் நீர்க் கொப்புளம் இருக்கும். புதியதும் காய்ந்ததும் ஒரே சமயத்தில் தெரியும். தட்டம்மையில் கொப்புளம் இல்லை, இருமல், மூக்கொழுகல், கண் சிவப்போடு முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் சிவந்த தடிப்பு. காய்ச்சலோடு தடிப்பு என்றால் எதுவானாலும் செவிலியருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சொல்லிவிடுங்கள். தட்டம்மை, ரூபெல்லா கண்காணிப்பு நடக்கிறது, மாதிரி எடுக்க வேண்டியிருக்கலாம்.

குழுவில் போட இது போதும்:

“7-ஆம் வகுப்பில் சின்னம்மை வந்துள்ளது. உங்கள் பிள்ளைக்கு அடுத்த 3 வாரத்துக்குள் காய்ச்சலோ கொப்புளமோ வந்தால் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், வகுப்பாசிரியரை அழையுங்கள். எல்லாக் கொப்புளமும் பொருக்கு கட்டிய பிறகு அனுப்பலாம். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. வீட்டில் இதுவரை அம்மை வராத கர்ப்பிணியோ, பச்சைக் குழந்தையோ, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் உடனே மருத்துவரைக் கேளுங்கள்.”

மூன்று வாரம் எதற்கென்றால், ஒட்டிய பின் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும் என்பதால், அந்த இரண்டு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியதோடு வேலை முடியாது. சின்னம்மைத் தடுப்பூசி அரசின் பொது அட்டவணையில் இல்லை, போட்ட பிள்ளைகள் குறைவாகவே இருப்பார்கள்.

மற்றவற்றுக்கு: தட்டம்மையில் தடிப்பு வந்து நான்கு நாள், பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் தொடங்கி ஐந்து நாள் வீட்டில் இருக்க வேண்டும். மெட்ராஸ் ஐ பார்த்தாலே ஒட்டாது. கையும் துண்டும்தான் காரணம். கடையில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம் என்று சேர்த்தே எழுதுங்கள்.

மழைக்காலத்தில் டெங்குவுக்கு ஒரு செய்தி கட்டாயம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் கூடாது. பெற்றோர் தவறவிடுவது காய்ச்சல் இறங்குகிற நாளை. “சரியாகிவிட்டது” என்று பள்ளிக்கு அனுப்புவார்கள். அப்போதுதான் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், கை கால் சில்லிடுவது வரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அரசு மருத்துவமனை.

மாத்திரைகளைப் பற்றி. குடற்புழு மாத்திரை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று தண்ணீர் குடிக்க வேண்டும், பள்ளியிலேயே ஆசிரியர் முன்னால். வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். புழு அதிகம் உள்ள பிள்ளைக்கு வயிற்றுவலி, குமட்டல் வரலாம், ஓய்வெடுத்தால் போகும். இதை முந்தைய நாளே பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததும் ஊரே பள்ளி வாசலில் நிற்கும், பயத்திலேயே இன்னும் பத்துப் பிள்ளை மயங்கும். அன்று காய்ச்சலாக இருப்பவர்களுக்குக் கொடுக்காமல் விடுபட்டோர் நாளில் கொடுங்கள்.

வாரம் ஒரு நீல மாத்திரை, அதாவது இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம், சத்துணவு சாப்பிட்ட பிறகுதான். மலம் கருப்பாகப் போகும் என்று முன்பே எழுதுங்கள். இதை எழுதாததால்தான் நிறைய அம்மாக்கள் இரண்டாம் வாரமே நிறுத்தச் சொல்கிறார்கள். மாத்திரையை ஒட்டி டீ, காபி வேண்டாம், இரும்பு உடம்பில் சேராது. தாலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. பெற்றோரிடம் தனியாகக் கேட்டு வையுங்கள். 10 வயதில் போட வேண்டிய டிடி ஊசி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி) ஐந்தாம் வகுப்பில் விடுபட்டு ஆறாம் வகுப்புக்கு வருகிறவர்களும் உண்டு, சேர்க்கையின்போதே விசாரியுங்கள்.

மருத்துவக் குழு பரிந்துரைச் சீட்டு கொடுத்தால் அதைப் பையில் போட்டு அனுப்பாதீர்கள், பையிலேயே கிடக்கும். அன்றே பெற்றோரை அழைத்து எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, கட்டணம் கிடையாது என்று மூன்றும் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.

படிக்கட்டு (குழந்தை நலப் பணி):

மேலே சொல்லாத ஒன்று. ஒரு பிள்ளை பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால் அது பெற்றோர் தகவல் தொடர்பு என்ற கணக்கில் வராது. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098 வழிகாட்டும், உதவிக்கு ஆள் அனுப்பும். ஆனால் சட்டம் பெயர் சொல்வது காவல்துறையை. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. பள்ளியே விசாரணை நடத்துவது, குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்பது, பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது மூன்றும் வேண்டாம். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள்.

பெற்றோருக்குச் சொல்வதில் கவனம் தேவை. சந்தேகம் வீட்டுக்குள் இருக்கும் ஒருவர் மேல் என்றால், அந்த வீட்டுக்கு முதலில் தகவல் போவது பிள்ளைக்கே ஆபத்து. யாருக்கு எப்போது சொல்வது என்பதைக் காவல்துறையும் குழந்தைகள் நலக் குழுவும் சேர்ந்து முடிவு செய்யட்டும். மற்ற பெற்றோர் கேட்டால் “சட்டப்படி தெரிவித்துவிட்டோம்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். பெயர் மட்டுமல்ல, வகுப்பு, தெரு, அண்ணன் எங்கே படிக்கிறான் என்று அடையாளம் காட்டும் எதுவும் வெளியே போகக் கூடாது.

பிள்ளைகள் தாங்களே பேச 1098, கல்வி உதவி எண் 14417 இரண்டும் வகுப்புச் சுவரில் அவர்கள் கண்ணுயரத்தில் இருக்கட்டும். மனநல உதவிக்கு 14416. பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் மாணவர் மனசுப் பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் வைத்தால் யாரும் சீட்டுப் போட மாட்டார்கள், எல்லாரும் கடந்துபோகிற இடத்தில் வையுங்கள்.

காலையில் வராத பிள்ளையின் வீட்டுக்குப் பத்து மணிக்குள் அழைப்பு போவதையும் பழக்கமாக்குங்கள். இந்த வயதில் தனியாகச் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வருகிறார்கள். அனுப்பிவிட்டோம் என்று வீடும், வரவில்லை என்று பள்ளியும் இருந்தால் மாலை வரை யாருக்கும் தெரியாது.

தாழ்வாரம்:

மூன்று சேர்க்கிறேன். தலையில் அடி பட்டால், சின்ன அடியானாலும், அன்றே அழைப்பும் சீட்டும். சீட்டில் அடிபட்ட நேரம், இடம், பிறகு பிள்ளை எப்படி இருந்தது, கீழே “இரவில் திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் 108”. வீட்டுக்குத் தெரியாவிட்டால் அந்த வாந்தியை அஜீரணம் என்று நினைத்துவிடுவார்கள்.

வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு பக்க அட்டை: மருந்தின் பெயர், அளவு, எங்கே வைத்திருக்கிறது, யாரை முதலில் அழைப்பது. வலிப்பென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. கையில் சாவி, வாயில் கரண்டி இரண்டும் கூடாது என்று அட்டையிலேயே எழுதுங்கள்.

பெண் பிள்ளை பூப்படைந்த செய்தியை எந்தக் குழுவிலும் வாழ்த்தாகக்கூடப் போடாதீர்கள். சடங்கு முடியும்வரை வாரக்கணக்கில் நிறுத்திவிடுகிறார்கள். பெண் ஆசிரியர் அம்மாவைத் தனியாக அழைத்து, நாப்கின் பள்ளியில் கிடைக்கும், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டால் சீக்கிரம் வருவாள். அதற்கு முன் தாழ்ப்பாள் உண்மையிலேயே இருக்க வேண்டும்.

தென்னங்கீற்று:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. செய்தியை வேப்பிலை எழுதியபடியே அனுப்பிவிட்டேன், பட்டன் போன் வீடுகளுக்கு அழைப்பு நடக்கிறது. ஓர் அம்மா, “மூணு தண்ணி ஊத்தியாச்சு, நாளைக்கு அனுப்புறேன்” என்கிறார். என்ன சொல்வது?

வேப்பிலை:

தண்ணீர் ஊற்றுவதைத் தவறென்று பேசாதீர்கள், அது அவர்கள் நம்பிக்கை, உடம்புக்கும் கெடுதல் இல்லை. நாள் கணக்கை மட்டும் தண்ணீரோடு முடிக்க வேண்டாம். வழக்கமாகக் கொப்புளம் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாளில் எல்லாம் காய்ந்துவிடும். இன்று குளிக்க வைக்கும்போது முதுகு, அக்குள், தலைமுடிக்குள் மூன்று இடமும் பார்க்கச் சொல்லுங்கள். நீரோடு ஒரு கொப்புளம் இருந்தாலும் இன்னும் இரண்டு நாள் வீட்டில் இருக்கட்டும். பொருக்கு உதிர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, பொருக்கோடேயே வரலாம். அந்த நாட்களின் பாடத்தை யாராவது வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள், அம்மா நிறுத்தி வைக்கத் தயங்க மாட்டார்.