குவார்ட்டர் போடும் பையன்கள்: பள்ளிக்கூடத்துக்குப் பங்கு உண்டா?

நொய்யல்கரை:
சனிக்கிழமை வாரச் சம்பளம் வந்ததும் மீசை முளைக்காத பையன்கள்கூட ஆளுக்கொரு குவார்ட்டர் போடுகிறார்கள். எல்லோரும் கடையைத்தான் திட்டுகிறோம். எனக்கென்னவோ இது எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது என்று படுகிறது. 'நீயெல்லாம் பனியன் கம்பெனிக்குத்தான் லாயக்கு' என்று கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர்கள் இவர்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நண்பர்கள் நிறைய, ஆனால் பள்ளியோடு ஒட்டுதல் இல்லை என்றிருந்தவர்கள்தான் பிற்பாடு குடி, சிகரெட் பக்கம் அதிகம் போயிருந்தார்கள்.

ஓவர்லாக்:
அண்ணா, நானும் கடைசி பெஞ்சுதானுங்க. இதுவரை தொட்டதில்லை. வாத்தியார் திட்டியதற்குக் குடிப்பது என்றால் எங்கப்பா காலத்தில் ஊரே குடித்திருக்க வேண்டும். 21 வயது ஆகாதவனுக்கு விற்கக்கூடாது என்பது சட்டம். வயசை யார் கேட்கிறார்கள்? மதியம் 12 மணிக்குத் திறந்தால் ராத்திரி 10 வரை கடை. கையில் காசு. இதற்கு ஆஸ்திரேலியா எதற்கு?

ஹாஸ்டல்பறவை:
கடைசி பெஞ்சை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்? நான் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் படித்தவன். விடிவதற்குள் எழுப்பி ராத்திரி வரை படிப்பு, ஞாயிற்றுக்கிழமையும் டெஸ்ட். நல்ல மார்க்தான். கோவையில் காலேஜ் சேர்ந்த முதல் செமஸ்டரில் எங்கள் செட்டில் பலருக்கும் எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. எதையும் தானாக முடிவு பண்ணிப் பழகாதவன் பாட்டிலை மட்டும் அளந்தா குடிப்பான்?

நொய்யல்கரை:
அதுவும் பள்ளிக்கூடம் செய்ததுதானே தம்பி.

கணக்குடீச்சர்:
எல்லாப் பழியும் எங்கள் தலையிலா? சரி, ஒரு கணக்கு. குவார்ட்டர் 180 மி.லி., லேபிளில் 42.8 சதவீதம். சுத்த ஆல்கஹால் 77 மி.லி., எடையில் சுமார் 61 கிராம். ஒரே தடவையில் 60 கிராம் போனாலே உலக சுகாதார நிறுவனம் அதை மிதமிஞ்சிய குடி என்கிறது. 'ஒரே ஒரு குவார்ட்டர்தான்' என்பவன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான். பாட்டில் அளவே அப்படி. ரேங்க் பட்டியலைக்கூட 2017-இல் அரசு நிறுத்திவிட்டது, குடி நின்றுவிட்டதா?

நொய்யல்கரை:
பேப்பரில் நின்றது டீச்சர். வகுப்பில் மார்க்கைச் சத்தமாக வாசிப்பது நிற்கவில்லையே.

ஓவர்லாக்:
டீச்சர் சொல்வதுதான் சரி. நானும் ஒரு வெளிநாட்டுக் கதை சொல்கிறேன். ஐஸ்லாந்தில் 1998-இல், 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். சாயங்கால விளையாட்டுக்குப் பணம் கொடுத்தார்கள், ராத்திரி வெளியே சுற்றத் தடை போட்டார்கள், பெற்றோரைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். வாத்தியாரை மாற்றவில்லை.

கணக்குடீச்சர்:
விளையாட்டு என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஹாஸ்டல்பறவை:
பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியடைக் கணக்குக்கு வாங்கிக்கொள்வது யாருங்க டீச்சர்?

கணக்குடீச்சர்:
அதை ஹெட்மாஸ்டரிடம் கேளுங்கள் தம்பி. சிலபஸை முடிக்கச் சொல்வது அவர்தான்.