எண்ணூர்க் கழிமுகத்து மட்டியைக் கர்ப்பிணி சாப்பிடலாமா?

வடசென்னைவாசி:
என் தங்கை ஐந்து மாதக் கர்ப்பிணி. மசக்கை தீர்ந்து இப்போதுதான் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறாள். மட்டிக் குழம்பு வேண்டும் என்கிறாள். தெருவில் கூடையில் கொண்டுவரும் அம்மாவிடம் விசாரித்தால், எண்ணூர்க் கழிமுகத்தில் எடுத்தது என்கிறார். அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் கலக்கும் நீர் என்பதால் எனக்குப் பயம். ஓர் இரவு உப்புத் தண்ணீரில் போட்டு, மண்ணைக் கக்கவைத்து, நன்றாக வேகவைத்தால் போதும் என்கிறார் என் அம்மா. போதுமா?

சோதனைக்குழாய்:
போதாது தம்பி. ஏற்றுமதிக் கடலுணவைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள் நான். உப்புத் தண்ணீரில் போட்டால் மணல் போகும், வேகவைத்தால் கிருமி சாகும். காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்கள் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் அவை சதைக்குள் புரதத்தோடு பிணைந்துகிடக்கின்றன. அந்தப் பிணைப்பை உடைக்க நாங்கள் நைட்ரிக் அமிலத்தை ஊற்றிக் கொதிக்கவைப்போம். குடுவையிலிருந்து பழுப்புப் புகை கிளம்பும். சதை முழுவதும் கரைந்து தெளிந்த நீராகும். அப்போதும் உலோகம் அதில் இருக்கும். அடுப்பும் புளியும் என்ன செய்துவிடும்?

ஒரு கணக்குச் சொல்கிறேன். மட்டி, சிப்பி வகைகளில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியம் வரை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. அங்குள்ள உணவுப் பாதுகாப்பு அமைப்பு, ஒருவர் தாங்கக்கூடிய வார அளவாக உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராமை வைத்திருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 150 மைக்ரோகிராம். அனுமதித்த எல்லையில் இருக்கும் மட்டிச் சதையை 150 கிராம் சாப்பிட்டாலே அந்த வாரத்துக் கணக்கு தீர்ந்துவிடும். சோற்றிலும் கீரையிலும் வருவது தனி. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். இரும்புச்சத்து குறைந்த உடல் அதை இன்னும் கூடுதலாக உறிஞ்சும்; கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்பது உங்களுக்கே தெரியும். ஈயமோ நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கே போகும்.

தென்துருவக் காற்று:
ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் இருக்கிறேன். இங்கே டெர்வென்ட் ஆற்றின் கரையில் நூறாண்டுக்கும் மேலான துத்தநாக ஆலை உண்டு. 1970களின் தொடக்கத்தில் அந்தக் கழிமுகத்து ஆளியை (ஆங்கிலத்தில் ஆய்ஸ்டர்) தின்றவர்கள் வாந்தியெடுத்தார்கள். ஆலைக் கழிவு எவ்வளவோ குறைந்த பிறகும், டெர்வென்டில் தானாக வளரும் சிப்பியையும் ஆளியையும் சாப்பிடாதீர்கள் என்ற அறிவுரை நீடிக்கிறது. அடிச்சேற்றில் படிந்தது எளிதில் போவதில்லை.

கழிமுகத்தான்:
நான் அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரன். எங்கள் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். அனல்மின் நிலையக் குழாய் உடைந்து சாம்பல் பாய்ந்த இடங்களில் இன்று கால் வைத்தால் ஈர சிமெண்டுபோல் ஒட்டுகிறது. எங்கள் மட்டியை வாங்காதே என்று எழுதுவது எளிது. கூடையைச் சுமந்து வரும் அந்த அம்மா அடுப்பெரிக்க என்ன செய்வார்?

சோதனைக்குழாய்:
ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. நஞ்சு கலந்தவர் அவர் இல்லை. நட்டம் மட்டும் அவர் தலையில். நஞ்சில் முதலில் அடிபடுவது மட்டியும் சிப்பியும்தான். தாய்ச் சிப்பி தாங்கும் அளவை அதன் கரு தாங்காது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் செம்பு இருந்தாலே கரு ஓடு கட்டாமல் உருக்குலைந்துபோகும். வளர்ந்த சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு பட்டினி கிடக்கும். திறந்தால், உலோகத்தைக் கட்டிவைக்கும் புரதத்தைச் செய்வதிலேயே அதன் தெம்பு செலவாகும். கழியில் குஞ்சு மட்டி குறைந்தால் இதையும் சந்தேகப்படுங்கள்.

அமெரிக்காவில் 1986 முதல் கடற்கரை நெடுகச் சிப்பிகளையும் ஆளிகளையும் எடுத்து உலோகம் பார்த்துவருகிறார்கள். எண்ணூரிலும் பருவந்தோறும் மட்டியைச் சோதித்து, முடிவைக் குப்பத்திலேயே தமிழில் ஒட்டவேண்டும். இழப்பீடு கேட்க உங்கள் கையில் அந்த எண்கள் இருக்கவேண்டும். மனு எழுதுவதானால், எந்த உலோகங்களைச் சோதிக்கச் சொல்வது என்று நான் எழுதித் தருகிறேன்.

வடசென்னைவாசி:
நன்றி அம்மா. தங்கைக்கு மீன் கொடுக்கலாமா?

சோதனைக்குழாய்:
தாராளமாக. மத்தி, நெத்திலி நல்லது. சுறாவும் பெரிய சூரையும் வேண்டாம், பாதரசம் அதிகம். கணவாய் வாங்கினால் குடலையும் ஈரலையும் முழுக்க எடுத்துவிடுங்கள்; காட்மியம் பெரும்பாலும் அங்கேதான் தங்கும்.